முகத்தில் அடித்த காற்று

"மேடம், ஒரு சந்தேகம். ஆள் செத்த வண்டிக்குள்ள ஏறும்போது செருப்பைக் கழட்டணுமா?"

ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு பஞ்சர் கேட்டான்.

"வாயைக் கழட்டி வச்சுட்டு ஏறு. அது போதும்" என்றாள் ஸ்டெனோ.

இரண்டும் பட்டப்பெயர்கள்தான். கோர்ட்டில் இருபது வருஷம் சாட்சி சொன்னவர்களின் வார்த்தைகளைச் சுருக்கெழுத்தில் எழுதி, அதில் பாதிக்குமேல் பொய் என்று தெரிந்தும் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்து, அந்த எரிச்சலிலேயே வேலையை விட்டுவிட்டுத் துப்பறியும் நிறுவனம் தொடங்கியவள் ஸ்டெனோ. கையில் இன்னும் அதே மஞ்சள் நோட்டு. பஞ்சர், கார் ஏ.சி. பட்டறையில் பதினாலு வருஷம் குப்பை கொட்டியவன். எப்பேர்ப்பட்ட கனமான பேச்சிலும் அவன் வாயைத் திறந்தால் காற்று இறங்கிவிடும்.

மணி மூன்று. விபத்தான வண்டிகளைக் கொண்டுவந்து தள்ளும் அந்தக் கிடங்கில் வெயில் தகரங்களின் மேல் பட்டுக் கண்ணைக் குத்தியது. நடுவில், முன்மூக்கின் ஒரு பக்கம் நசுங்கி, அந்த மோட்டார் ஹோம் நின்றது. பின்னால் கட்டில், அடுப்பு, அலமாரி என்று ஒரு வீடே உள்ளே அடங்கிய வண்டி.

நான்கு மணிக்குப் போக்குவரத்து அதிகாரி வருகிறார். வண்டியைப் பார்த்து அறிக்கை எழுதுவார். நாளைக் காலை வண்டியை நசுக்கி இரும்பாக்கிவிடுவார்கள். ஆகவே இருப்பது ஒரு மணி நேரம்.

வண்டிக்கு இந்தப் பக்கம், கையில் மாவுக்கட்டோடு நின்றாள் நரம்புக்காரம்மா. ஊர் ஊராகப் போட்டி நடக்கும் இடங்களுக்கு இந்த வண்டியில் போய், டென்னிஸ் பேட்டுகளுக்கு வலைபோல் பின்னும் நரம்பு கட்டிக்கொடுப்பது அவள் கணவரின் தொழில். ஆட்டக்காரர்கள் அவரை நரம்புக்காரர் என்பார்கள். இருபத்தொரு நாளைக்கு முன்னால் மலைப்பாதையில், மழையில், கண்ணாடியில் ஆவி படர்ந்து வழி தெரியாமல் வண்டி பாறையில் மோதியது. அவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். இவளுக்குக் கை மட்டும் உடைந்தது.

வண்டிக்கு அந்தப் பக்கம், தரையில் கிடந்த டயரின் மேல் ஒருவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். நரம்புக்காரரின் தம்பி, மெக்கானிக். விபத்துக்கு நாலு நாள் முன்னால் இந்த வண்டியின் ஏ.சி.யைக் கடைசியாகத் திறந்து பார்த்தவன் அவன்தான்.

"அவன் உள்ள போகணும் மேடம்" என்று காலையில் ஸ்டெனோவின் அலுவலகத்தில் நரம்புக்காரம்மா சொல்லியிருந்தாள். அழவில்லை. அழுது தீர்த்துவிட்டால் கோபம் ஆறிவிடும் என்று பயந்தவள்போல் பல்லைக் கடித்துக்கொண்டே பேசினாள். "எனக்கு நஷ்டஈடு வேணாம், அனுதாபம் வேணாம். வண்டியை எடுக்கும்போது 'போய்ச் சாவுங்க'ன்னு சொன்னான். என் காதால கேட்டேன். சொன்னபடியே செஞ்சுட்டான். டேஷ்போர்டுல நான் உக்கார்ற பக்கம் அடியில பாருங்க, என்ன பண்ணி வச்சிருக்கான்னு தெரியும்."

அந்த வாக்கியத்தின் கீழே ஸ்டெனோ அப்போதே ஒரு கோடு போட்டிருந்தாள். தெரியும் என்றால் இவளுக்கு எப்படித் தெரியும்?

உள்ளே போனார்கள். பின்பகுதியில் நரம்பு கட்டி முடித்த பேட்டுகள் வரிசையாகத் தொங்கின. வாங்கிப்போக ஆள் வராத பேட்டுகள். பஞ்சர் முன் இருக்கையை நகர்த்திவிட்டு, தரையில் மல்லாக்கப் படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்தான்.

"இந்த வண்டிக்கு ரெண்டு ஏ.சி. மேடம். கூரைமேல இருக்கறது வீட்டுக்கு, ஜெனரேட்டர்ல ஓடும். டேஷ்போர்டுல இருக்கறது ஓட்டுறவங்களுக்கு, இன்ஜின்ல ஓடும். ரெண்டுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. ஒரே வீட்டுல ரெண்டு மருமக மாதிரி."

"நமக்கு எந்த மருமக?"

"இளையவ. டேஷ்போர்டு." டார்ச் வெளிச்சம் உள்ளே அலைந்தது. "அட, இதோ! ரப்பர் ஹோஸ் ஒண்ணு கழண்டு தொங்குது. நரம்புக்காரம்மா சொன்ன அதே இடம்."

"அது எதுக்கு?"

பஞ்சருக்கு இந்தக் கேள்வி வந்தால் போதும், சாப்பாடு வேண்டாம். தலையை வெளியே எடுத்து உட்கார்ந்துகொண்டான்.

"குளிர்ந்த காத்து வெளிய வர மூணு வழி மேடம். முகம், கால், முன்கண்ணாடி. எந்த வழியில போகணும்னு உள்ள ஒரு சின்னக் கதவு முடிவு பண்ணும். அந்தக் கதவை இழுக்கறது கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. வெறும் உறிஞ்சல். பெட்ரோல் இன்ஜின் ஓடும்போது மூச்சை உள்ள இழுக்குதில்ல? அந்த இழுப்பைக் கொஞ்சம் கடன் வாங்கி, இந்த ஹோஸ் வழியா கொண்டுவந்து, கதவை இழுத்துப் பிடிக்கறாங்க. நீங்க குழல் போட்டு ஜூஸ் உறிஞ்சறீங்களே, அதே சங்கதிதான்."

"சரி. ஹோஸ் கழண்டா?"

"உறிஞ்சல் போச்சு. ஸ்பிரிங் கதவைத் தள்ளிடும்."

"எந்தப் பக்கம்?"

"கண்ணாடிப் பக்கம்."

சொல்லிவிட்டுப் பஞ்சரே வாயடைத்துப்போனான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"திரும்பச் சொல்லு" என்றாள் ஸ்டெனோ.

"காத்து மொத்தமும் கண்ணாடிக்குப் போயிடும் மேடம். அப்படித்தான் பண்ணி வச்சிருக்காங்க. எது கெட்டாலும் ஓட்டறவன் முகம் வேர்த்தா பரவாயில்லை, கண்ணு மறையக்கூடாதுன்னு. ஹோஸ் அறுந்தாலும் சரி, இன்ஜின் உறிஞ்சல் குறைஞ்சாலும் சரி, காத்து கண்ணாடிக்குத்தான்."

"அப்ப இந்த ஹோஸைப் புடுங்கினவங்க கண்ணாடில ஆவி படியணும்னு நெனச்சுப் புடுங்கியிருந்தா..."

"தலைகீழா வேலை பார்த்திருக்காங்க. நெருப்பு வைக்கப் போனவன் தண்ணி லாரியைத் திறந்துவிட்ட கதை."

"ஒரு ஏ.சி. மெக்கானிக் அந்தத் தப்பைப் பண்ணுவானா?"

"முதல் வருஷம் வேலை கத்துக்கிட்டவன்கூடப் பண்ணமாட்டான்."

ஸ்டெனோ குனிந்து டார்ச்சை வாங்கினாள். ஹோஸ் மாட்டியிருந்த பிளாஸ்டிக் முனையைச் சுற்றி, குழாய்களிலும் ஒயர்களிலும் சாலைத்தூசி கனமாகப் படிந்திருந்தது. மோதலில் முன்பக்கம் திறந்துகொண்டபின் இருபத்தொரு நாள் இந்தக் கிடங்கின் புழுதியெல்லாம் உள்ளேதான் வந்து படுத்திருக்கிறது. அந்த முனை மட்டும் பளபளவென்று கறுப்பாக இருந்தது.

"எல்லாரும் பவுடர் பூசியிருக்காங்க, இவர் மட்டும் இப்பதான் முகம் கழுவியிருக்கார்" என்றான் பஞ்சர்.

"நேத்து கழுவியிருக்கார். அதுவரைக்கும் ஹோஸ் மூடியிருந்துச்சு. நேத்து நரம்புக்காரம்மா துணிமணி எடுக்கணும்னு இங்க வந்திருக்காங்க. வாட்ச்மேன் சொன்னார்."

"மேடம்! நம்ம கட்சிக்காரங்களே..."

"மெதுவா பேசு."

வெளியே அந்தப் பெண் மாவுக்கட்டைத் தாங்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். பார்வை மெக்கானிக்கின் மேலேயே இருந்தது. மூன்று வாரமாக அப்படித்தான் இருக்கும் என்று ஸ்டெனோவுக்குத் தோன்றியது.

"அப்ப கேஸ் முடிஞ்சுது. மெக்கானிக் தப்பிச்சார்" என்றான் பஞ்சர்.

"முடியலை. கண்ணாடில ஆவி படிஞ்சது பொய்யில்லையே? ஆள் செத்திருக்கார்." ஸ்டெனோ மஞ்சள் நோட்டைப் புரட்டினாள். "காலையில அந்தம்மா சொன்னதை அப்படியே படிக்கறேன், கேளு. 'மேல ஏற ஏற மழை. பின்னாடி ஈரத்துணி தொங்குச்சு. கண்ணாடி பூரா ஆவி. அவர் கையால துடைச்சுக்கிட்டே ஓட்டினார். எனக்கு மலை ஏறினாலே வாந்தி, முகத்துல காத்து அடிச்சாத்தான் தாங்கும். மோதற வரைக்கும் என் முகத்துல சில்லுனு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.' "

பஞ்சர் தலையைச் சொறிந்தான்.

"இப்ப இது." நோட்டுக்குள்ளிருந்து மெக்கானிக் பட்டறையின் வேலைச்சீட்டை எடுத்தாள். கார்பன் எழுத்து. "புகார்: மேட்டில் ஏறும்போது காற்று முகத்தை விட்டுக் கண்ணாடிக்குப் போகிறது. காரணம்: ஒன்வே வால்வு பழுது. புதிய வால்வு வர ஒரு வாரம். வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவைக்கச் சொன்னேன். உரிமையாளர் எடுத்துச் சென்றுவிட்டார்."

"சரியான கண்டுபிடிப்பு. மேடு ஏறும்போது இன்ஜின் திணறும், உறிஞ்சல் குறையும். குறைஞ்சாலும் ஏற்கெனவே புடிச்ச உறிஞ்சல் ஓடிப்போகாம காவல் காக்கறதுதான் ஒன்வே வால்வு. அது கெட்டா, ஒவ்வொரு மேட்டுலயும் கதவு நழுவிக் கண்ணாடிக்குப் போயிடும்."

"வால்வை மாத்தலை. வண்டி மலை ஏறுது. காத்து எங்க போயிருக்கணும்?"

"கண்ணாடிக்கு."

"ஹோஸ் அன்னிக்கே கழண்டிருந்தா?"

"அப்பவும் கண்ணாடிக்கு."

"ஆனா அந்தம்மா முகத்துல அடிச்சிருக்கு. கடைசி நிமிஷம் வரைக்கும்."

பஞ்சர் எழுந்து போய் பேட்டரி ஒயரை இணைத்தான். இன்ஜின் ஓடவில்லை, குளிர் வராது. ஆனால் காற்றைத் தள்ளும் புளோயர் பேட்டரியிலேயே சுற்றும். டேஷ்போர்டு முனகியது. அவன் சட்டைப்பையிலிருந்த பழைய பஸ் டிக்கெட்டைக் கண்ணாடியின் கீழிருந்த பிளவில் வைத்தான். அசையவில்லை. முகத்துக்கு நேரே இருந்த துவாரத்தில் வைத்தான். டிக்கெட் படபடவென்று அடித்துக்கொண்டு பறந்துபோய்ப் பின்சீட்டில் விழுந்தது.

"ஹோஸே இல்லை, ஆனா கதவு முகத்துக்குத் திறந்து நிக்குது" என்றான். குரலில் இருந்த கிண்டல் போய்விட்டது. "யாரோ புடிச்சுக்கிட்டு இருக்காங்க மேடம்."

மறுபடி படுத்தான். கையைத் தோள்வரை உள்ளே விட்டான். கன்னம் பிளாஸ்டிக்கில் நசுங்க, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடினான். சட்டென்று உள்ளிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது. முறுக்கேறிய தந்தியைச் சுண்டினால் வருமே, அந்தச் சத்தம்.

"கயிறு. இல்லை... நைலான். கதவோட கையைப் புடிச்சு, பக்கத்து இரும்புச் சட்டத்தோட கட்டியிருக்கு. என்னா இழுப்பு! மேடம், எங்க பசங்க கட்டினா கம்பியால ரெண்டு முறுக்கு, இல்லேன்னா பிளாஸ்டிக் பட்டை. இது அழகா ரெண்டு கண்ணி போட்டு, வாலை நகம் வெட்டின மாதிரி சாய்ச்சு வெட்டியிருக்கு."

ஸ்டெனோ டார்ச் பிடித்துக் குனிந்து பார்த்தாள். தேன் நிறத்தில் ஒற்றை இழை. பிறகு ஒன்றும் பேசாமல் வண்டியின் பின்பகுதிக்குப் போனாள். தொங்கிய பேட்டுகளில் ஒன்றைத் திருப்பினாள். அதே தேன் நிறம். சட்டத்தின் ஓரத்தில் அதே இரண்டு கண்ணி. அதே சாய்ந்த வால். அடுத்த பேட்டிலும் அப்படியே. அதற்கடுத்த பேட்டிலும்.

தம்பி ஒரு வாரம் காத்திருக்கச் சொன்னான். போட்டிக்கு நாள் நெருங்கிவிட்டது. மனைவிக்கு வாந்தி. கதவு நழுவாமல் கட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்திருக்கிறார். கீழே வெயில் அடித்தபோது கண்ணாடிக்குக் காற்று எதற்கு? தனக்குத் தெரிந்த ஒரே முடிச்சைப் போட்டு, தனக்குத் தெரிந்த அத்தனை இழுப்பையும் இழுத்துக் கட்டியிருக்கிறார்.

"மணி மூணு நாப்பது" என்றான் பஞ்சர்.

ஸ்டெனோ இறங்கி நேராக டயரின் அருகே போனாள். மெக்கானிக் அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

"நரம்பைப் பார்த்துட்டீங்களா?"

ஸ்டெனோ எதிர்பார்த்தது இதைத்தான். வந்ததிலிருந்தே அவளை உறுத்திக்கொண்டிருந்தது ஒன்று: ஜெயிலுக்குப் போகப் போகிறவன் ஏன் இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான்?

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. தகவல் வந்ததும் சொந்தத்துல முதல்ல அங்க ஓடினவன் நான்தானே. அண்ணனை வெளிய எடுக்கும்போது அடியில கை பட்டுச்சு. பட்டதுமே தெரிஞ்சுபோச்சு, அவன் முடிச்சு."

"ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் அன்னிக்கு வீட்டுக்குப் போனேன்." அவன் எழுந்தான். தாடை இறுகியது. "அண்ணி வாசல்லயே நிறுத்திட்டாங்க. அத்தனை பேர் முன்னாடி கொலைகாரன்னு சொன்னாங்க. என் அண்ணன் முகத்தைக் கடைசியா ஒரு தடவை பாக்க விடலை மேடம். ரோட்டுல நின்னேன். இப்ப என் பட்டறைக்கு ஒருத்தன் வர்றதில்லை. 'போய்ச் சாவுங்க'ன்னு சொன்னேனாம்! ஆமா, சொன்னேன். வண்டியை எடுக்காதேன்னு அவன் கையைப் புடிச்சுக் கெஞ்சிட்டு, கேக்கலைங்கற ஆத்திரத்துல சொன்னேன்."

"அதனால?"

"அதனால காத்திருக்கேன். நான் அந்த நரம்பைத் தொடவே இல்லை. ஆபீஸர் கையாலயே எடுக்கட்டும். எடுத்ததும் எல்லார் காதுலயும் விழற மாதிரி சொல்லுவேன். உன் புருஷனைக் கொன்னது நான் இல்லை அண்ணி, உன் வாந்தி. உன் முகத்துக்குக் காத்து வேணும்னு அவன் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓட்டினான்னு சொல்லுவேன். சொல்லிட்டு அந்த முகத்தைப் பாக்கணும். இருபத்தொரு நாளா அதுக்காகத்தான் சாப்பிடறேன், தூங்கறேன்."

"அது உண்மைதான். ஆனா நியாயமா?"

"கேஸ் எழுதறது உங்க வேலை மேடம். நியாயம் என் வேலை."



ஸ்டெனோ வண்டியைச் சுற்றி நடந்தாள். நாற்பது அடிதான் இருக்கும். கோர்ட்டில் இருபது வருஷம் மற்றவர்கள் உண்மையை வைத்து ஒருவரையொருவர் அடிப்பதைப் பார்த்தும் எழுதிக்கொண்டே இருந்தாயிற்று. இன்று எழுத மனசு வரவில்லை. அடி விழத்தான் போகிறது. குறைந்தபட்சம் நரம்புக்காரம்மா எங்கிருந்து விழுகிறது என்று தெரிந்து வாங்கிக்கொள்ளட்டும்.

"உள்ள வாங்கம்மா."

"நான் அந்த வண்டில ஏறமாட்டேன்."

"நேத்து ஏறினீங்க. ஏறி ஒரு ஹோஸைப் புடுங்கினீங்க."

நரம்புக்காரம்மா முகத்தில் ஒரு கணம்கூட வெட்கம் இல்லை.

"ஆமா, புடுங்கினேன். கைக்குக் கிடைச்சதைப் புடுங்கினேன். அவன்தான் பண்ணினான்னு எனக்குத் தெரியும். சாட்சி இல்லேன்னா விட்டுருவாங்களே! செஞ்சவன் மேல செஞ்சதைப் போட்டா தப்பா?"

"அவர் செய்யலைம்மா. வந்து பாருங்க."

பஞ்சர் டார்ச்சைப் பிடித்தான். அவள் ஒரு கையை ஊன்றி, வலியில் முனகிக்கொண்டே குனிந்து பார்த்தாள். ஸ்டெனோ விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் அந்த வாலைச் சாய்த்து வெட்டுவதைப் பார்த்தவள் அவள். பார்த்த பார்வையில் கண் அந்த முடிச்சிலேயே நின்றுவிட்டது.

"இது எதுக்கு?" என்று கேட்டாள். 

"உங்க முகத்துல இருந்து காத்து நகராம இருக்க."

 வெளியே ஒரு ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். அதைச் சொல்லத்தான் காத்திருக்கார். எல்லார் முன்னாடியும்."

நரம்புக்காரம்மா நிமிர்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் மூன்று வாரமாக அந்தப் பார்வையில் எரிந்தது எதுவோ அது அணையவில்லை. வேறு பக்கம் திரும்பியதுபோல் இருந்தது. இருக்கையின் முதுகைப் பிடித்துப் பிடித்து நடந்து, படியில் இறங்கினாள்.

போக்குவரத்து அதிகாரி கோப்பைத் திறந்து, கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "யார் மெக்கானிக்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். வாட்ச்மேனும் ஜீப் டிரைவரும் பக்கத்தில் நின்றார்கள். மெக்கானிக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான். மனப்பாடம் செய்ததைச் சொல்லப் போகிறவன்போல் தொண்டையைச் செருமினான்.

"சார், எழுதிக்குங்க" என்றாள் நரம்புக்காரம்மா.

எல்லோரும் திரும்பினார்கள். ஜீப் டிரைவர் காதிலிருந்து போனைக்கூட எடுத்துவிட்டான். அவ்வளவு உரத்த குரல்.

"உள்ள ஒரு ஹோஸ் கழண்டு கிடக்கும். அது விபத்துல கழண்டது இல்லை. நேத்து நான் புடுங்கினது. இவனை மாட்டிவிடறதுக்காக. அதுக்கு மேல ஒரு கதவை நரம்பால கட்டியிருக்கும். அது என் வீட்டுக்காரர் கட்டினது. மலை ஏறினா நான் வாந்தி எடுப்பேன். என் முகத்துக்குக் காத்து வேணும்னு நான்தான் நச்சரிச்சேன். அவர் கட்டினார். அதனாலதான் கண்ணாடி தெரியலை. அதனாலதான் செத்தார். மெக்கானிக் ஒரு வாரம் இருக்கச் சொன்னான். நாங்க இருக்கலை."

அதிகாரியின் பேனா காகிதத்தைத் தொடவே இல்லை. ஸ்டெனோவின் பேனா மட்டும், பழக்கதோஷத்தில், ஓடிக்கொண்டிருந்தது.

மெக்கானிக் அந்த ஓரடி முன்னால் நின்றபடியே நின்றான்.  இருபத்தொரு நாள் சேர்த்துவைத்த ஒவ்வொரு வார்த்தையையும் அவள் எடுத்து, அவன் கண்ணெதிரே, தன் தலையில் தானே போட்டுக்கொண்டுவிட்டாள். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் ஏதாவது விட்டுட்டேனா தம்பி? விட்டிருந்தா நீ சொல்லு."